சவப்பெட்டி மேல் உட்கார்ந்த பெண்

மார்ச் 4, செவ்வாய்

கடையில் இருக்கிற பிரேம் எல்லாவற்றையும் மூக்கில் மாட்டிப் பார்த்துவிட்டு, "எதுவுமே என் முகத்துக்கு எடுக்கலையே" என்றார் ஒருவர். பிரேம் என்ன செய்யும்? மாற்ற வேண்டியது முகத்தையல்லவா. சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் இத்தனை வருடம் குப்பை கொட்டியதில் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீடு. கல்யாணம் பேசி முடித்த பிறகு முதல் தடவை. "அங்க வந்தும் மூஞ்சிய இப்படி வச்சுக்காதம்மா" என்கிறாள் மகள். எப்படி? என் மூஞ்சியே இதுதான்.

மார்ச் 9, ஞாயிறு

பேனா தாளைக் கிழிக்கிறது. எரிச்சலில்.

இவருக்கு, அதான் என் வீட்டுக்காரருக்கு, பஸ் டெப்போவில் டூட்டி, அதனால் நானும் மகளும் மட்டும் போனோம். சம்பந்தி ஓய்வுபெற்ற இன்சூரன்ஸ் அதிகாரி, மனைவி இல்லாதவர். ஒரு முழு அறையைப் பழைய இசைத்தட்டு ரெக்கார்டுகளின் அட்டை உறைகளுக்குத் தாரைவார்த்திருக்கிறார். பாட்டுக்கு அல்ல, அட்டைக்கு. அதிலும் தடைசெய்தது, கம்பெனியே திரும்ப வாங்கிக்கொண்டது, கறுப்புத் தாள் ஒட்டி மறைத்து விற்றது என்று வம்பில் மாட்டிய அட்டைகள் மட்டும். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் தொடுகிறார், பிரசவம் பார்க்க வந்த டாக்டர் மாதிரி.

"பாட்டெல்லாம் எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

"போட்டுப் பாத்ததில்லைங்க. பிளேயர் கிடையாது."

சாப்பாட்டுக் கடையின் பெயர்ப் பலகையைச் சேர்த்து வைத்துக்கொண்டு பட்டினி கிடக்கிற ரகம்.

நடுச்சுவரில் தனி விளக்கு போட்டு ஒரே ஒரு அட்டை. சவப்பெட்டி மேல் ஒரு பெண். கால் தொங்குகிறது, செருப்பில் ஒன்று கீழே கிடக்கிறது. கையில் கடித்த ஆப்பிள். வாயெல்லாம் சிரிப்பு.

நான்.

"இதுதான் என் கலெக்‌ஷனோட உயிர்" என்றார். "வந்த வேகத்துல எல்லாத்தையும் வாங்கி அரைச்சுக் கூழாக்கிட்டாங்க. தப்பிச்சத விரல் விட்டு எண்ணலாம். பாருங்க, சாவைத் தின்கிற வாழ்க்கை! அதான் அந்த ஆப்பிள். அந்த வருஷமே பொண்ணு போய்ச் சேந்துட்டா. சாபம்ங்கறாங்க. அதனாலதான் இதுக்கு இவ்வளவு மதிப்பு."

"எப்படிச் செத்தா?"

"மருந்து குடிச்சு."

"பாவம், சின்ன வயசுல" என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கொண்டேன். மகளும் மாப்பிள்ளையும் மொட்டைமாடியில் இருந்தார்கள். நல்லவேளை.

இருபது வருடமாகத் தினமும் அந்த முகத்தைப் பார்க்கிறாராம். எதிரே உட்கார்ந்திருப்பவளைத் தெரியவில்லை. ரசிகராம், ரசிகர்!

மார்ச் 10, திங்கள்

தூக்கம் கெட்டது. எழுதித் தொலைக்கிறேன்.

அப்போது ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வரவேற்பு மேஜை வேலை எனக்கு. அன்றைக்கு ரெக்கார்டு அட்டைப் படத்துக்கு வர வேண்டிய மாடல் வரவில்லை. "சும்மா ஏறி உக்காரும்மா, லைட் பாக்கணும்" என்றார் போட்டோக்காரர். கடைசியில் அந்தப் படத்தையே அட்டையில் போட்டுவிட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொண்டுபோன ஆப்பிள் அது. சாவைத் தின்கிற வாழ்க்கையாவது, மண்ணாங்கட்டியாவது. பசி.

செத்தவர்களைக் கேவலப்படுத்துகிறாள் என்று பத்திரிகையில் கடிதம் கடிதமாக வந்தது. கடைகள் திருப்பி அனுப்பின. கம்பெனி கையைக் கழுவியது. ஸ்டூடியோ என்னை அனுப்பியது. அப்பா ஒரு வருடம் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. எனக்கென்று ஒரு பிரதிகூட யாரும் தரவில்லை. அந்தப் பாட்டு எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.

இவர் பெண் பார்க்க வந்தபோது, "அந்தப் படத்தப் பத்திக் கேள்விப்பட்டேன்" என்றார். கேள்விப்பட்டதோடு சரி. இன்றுவரை வேறொரு வார்த்தை கேட்டதில்லை. பெருந்தன்மையா, சோம்பலா? இன்னும் பிடிபடவில்லை.

மார்ச் 15, சனி

சம்பந்தி கடைக்கே வந்துவிட்டார், படிக்கிற கண்ணாடி வேண்டுமாம். நானே மாட்டிவிட்டேன். என் முகத்துக்கும் அவர் முகத்துக்கும் ஒரு சாண் இடைவெளி.

"அடேயப்பா! ரொம்பத் தெளிவா தெரியுது சம்பந்தியம்மா."

நன்றாகத் தெரிந்தது போங்கள்.

மாதக் கடைசியில் நகர மண்டபத்தில் கண்காட்சியாம், அவர் பேசுகிறாராம். நோட்டீஸ் கொடுத்தார். அதிலும் நான்தான். மடித்து, கண்ணாடி துடைக்கிற துணிக்கு அடியில் வைத்தேன்.

மார்ச் 17, திங்கள்

செத்தவளுக்கு இன்று கேஸ் சிலிண்டர் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

மார்ச் 19, புதன்

மாப்பிள்ளை மகளிடமும் ஒரு நோட்டீஸ் கொடுத்திருக்கிறான். நேரே சமையலறைக்கு வந்தாள்.

"அம்மா. இது நீதானே?"

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? என் பல்லு இது. என் காது இது."

பெற்ற பெண்ணுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அழுவாள் என்று நினைத்தேன். "செமையா இருக்கம்மா!" என்று கத்தினாள். பிறகுதான் அவர் சொல்லித் திரிகிற சாவுக் கதையைச் சொன்னேன். முகம் மாறிவிட்டது. "நானே அவர்கிட்ட சொல்றேன். நீ சொன்னா கொலை விழும்" என்றாள்.

மார்ச் 22, சனி

சம்பந்தி வந்தார். சோபா நுனியில் உட்கார்ந்தார். முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். கையுறையைத் தேடுகிற மாதிரி விரல் அசைந்தது. மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன் பாருங்கள், நானும் ஒரு மடச்சி.

"இது நம்மளுக்குள்ளயே இருக்கட்டுமே. கண்காட்சி முடியற வரைக்குமாவது. எங்க கூட்டத்துல எல்லாருக்கும் அந்தக் கதைய நான்தான் சொல்லியிருக்கேன். பேரு கெட்டுடும்."

"அதாவது, நான் செத்தே இருக்கணும்?"

"இத்தனை நாள் இருந்தீங்களே."

மனுஷனா இவன்? கேட்க வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. கதவுப் பக்கம் நின்ற மகளின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். ஜூனில் கல்யாணம். சம்பந்தம் முறிந்தால் அழப்போவது சம்பந்தி இல்லை, என் பெண்.

வெளியே மழை. இவர் அந்த ஆளை வாசல் வரை கொண்டுவிட்டுக் குடை வேறு கொடுத்து அனுப்பினார். என் வீட்டுக்காரர். என்ன சொல்ல?

மார்ச் 23, ஞாயிறு

"கண்காட்சிக்கு நானும் வரேன்" என்கிறார் இவர். எதற்கு? இன்னொரு குடை கொடுக்கவா?

மார்ச் 30, ஞாயிறு

போனோம்.

அட்டைக்காரக் கூட்டம் முழுக்க அங்கேதான். முகம் சுரண்டிய வேறொரு அட்டை முன்னால் நான்கு பேர். மேலே ஒட்டிய தாளை ஆவி காட்டி உரித்தார்களா, எண்ணெய் போட்டு உரித்தார்களா என்று சண்டை. நாற்பது தாண்டிய ஆண்கள். வீட்டில் சட்டைப் பொத்தான் தைக்கத் தெரியாதவர்கள்.

சம்பந்தி பேசினார். ஆப்பிள் வந்தது, தத்துவம் வந்தது. "இந்தத் துரதிர்ஷ்டசாலிப் பெண்..." என்று ஆரம்பித்தபோது கையைத் தூக்கினேன். யோசிக்கவில்லை. கை தானாகப் போய்விட்டது. பக்கத்தில் மகள் என் புடவைத் தலைப்பைப் பிடித்தாள். இழுக்கவில்லை, பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

"அந்தப் பொண்ணு எந்த வருஷம் செத்தாங்க?"

அவர் என்னைப் பார்த்தார். பேப்பரைப் பார்த்தார். தண்ணீர் குடித்தார். பொய் சொல்லட்டும், எழுந்து நின்று கிழித்துவிடுகிறேன் என்று காத்திருந்தேன்.

"சாகல" என்றார். "நான் தப்பா சொல்லிட்டு இருந்தேன். யார்கிட்டயும் விசாரிக்கல. அவங்க என் மருமகளாகப் போற பொண்ணோட அம்மா. கேள்வி கேட்டது அவங்கதான்."

இப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஏமாற்றமாகக்கூட இருந்தது. சேர்த்து வைத்த வார்த்தையெல்லாம் வாயிலேயே ஊறிப்போனது.

கூட்டம் என்னைச் சூழ்ந்தது. ஒருவர் ஆப்பிள் வாங்கிவரட்டுமா, அதே மாதிரி ஒரு போட்டோ என்றார். இன்னொருவர் வாடிய முகத்தோடு, "அப்போ சாபம் எதுவும் இல்லையா?" என்றார். "இருக்கு, உங்களையெல்லாம் சந்திச்சேனே" என்றேன். அதையும் குறித்துக்கொண்டார், மகராசன்.

இவரைக் காணோம். தேடினால், அட்டை முன்னால் நின்றுகொண்டிருக்கிறார். கூட்டம் கலைந்தும் நகரவில்லை. பக்கத்தில் போய் நின்றேன். திரும்பாமலே சொன்னார்:

"உனக்கு இப்படிச் சிரிக்கத் தெரியுமா?"

கல்யாணமாகி இத்தனை காலம். அந்த மனுஷன் கேலியாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார்.

ஏப்ரல் 5, சனி

சம்பந்தி யாரிடமோ பிளேயர் இரவல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். குடையையும் திருப்பிக் கொடுத்தார். அட்டையிலிருந்து தட்டை எடுத்து முதல்முறையாகப் போட்டோம். கையுறை போடவில்லை, கவனித்தேன்.

பாட்டு கண்றாவி. தகர டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்குகிற மாதிரி. இதற்காகவா என் அப்பா ஒரு வருடம் முகம் கொடுக்காமல் இருந்தார்! முதல் பக்கம் முடிந்தது. "அந்தப் பக்கம் ஒருவேளை நல்லாருக்குமோ?" என்றார் சம்பந்தி. அந்தப் பக்கம் இன்னும் மோசம்.

அட்டையை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம், பார்க்க வேண்டும் போலிருந்தால் வருகிறேன் என்றேன்.

ஏப்ரல் 9, புதன்

இவர் ஒரு வாரமாகக் காலையில் எனக்கு ஜோக் சொல்கிறார். டெப்போவில் டிரைவர்களிடம் கேட்டுக்கொண்டு வருகிறார் போலிருக்கிறது. முடிவை முதலில் சொல்லிவிடுகிறார், பிறகு "இரு, இரு, முன்னாடி ஒண்ணு விட்டுட்டேன்" என்கிறார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். விடுவதாக இல்லை.

இன்று சொன்னது ஒரு கண்டக்டரும் ஒரு ஆடும். படு மட்டம். எழுதக்கூடத் தகுதியில்லை. நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி, குழாய், அவர் சட்டை, எல்லா இடத்திலும் நுரை.