கபுறுக்கு அறுத்த பலகை

வெள்ளி, இஷா தொழுகைக்குப் பிறகு.

மச்சானின் தச்சுக்கடையில் கைவாள் பிடித்த நாளிலிருந்து நான் அறுத்த ஒரு பலகையாவது கோட்டோடு போனதில்லை. இன்று பக்கத்து வீட்டு மீன் வியாபாரி மௌத்தாகிவிட்டார். கபுறுக் குழியை மூடப் பலகை கேட்டு அவருடைய மகன் வந்து நின்றான். மச்சான் கோடு போட்டுத் தந்து, "நீ அறு. கோணினாலும் உள்ளுக்க ஆரு பாக்கிற?" என்று என் காதோடு சொன்னார்.

வாள் விலகவேயில்லை. துண்டு விழுந்ததும் "மாஷா அல்லாஹ்!" என்று சந்தோசத்தில் சத்தமாகச் சொல்லிவிட்டேன். மையித்து வீட்டுப் பிள்ளைக்கு முன்னால்! எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மரத்தூளைத் தட்டினேன். அவன் விளிம்பைத் தடவி, "நேராத்தான் இரிக்கி காக்கா" என்றான். கோபமா, ஆறுதலா?

அடக்கிவிட்டு வந்து இன்னொன்று அறுத்தேன். கோணல். நான் நேராக அறுத்த ஒரே பலகை மண்ணுக்குள் கிடக்கிறது. அதற்குச் சந்தோசப்படலாமா என்று யாரிடம் கேட்பது?