பிரேசில் கொட்டுக்காரர்

ரூவி, மஸ்கட்
6 ஜனவரி 2025

அன்பு ராக்கு,

இங்கு நலம். ருவைஸில் நீயும் வீட்டில் பானுமதியும் நலம்தானே? வாட்ஸப்பில் எழுதினால் இரண்டு நீல டிக்கோடு விட்டுவிடுகிறாய். அதனால் பழையபடி கடிதமாகவே எழுதி மெயிலில் அனுப்புகிறேன்.

அபுதாபியில் பழகி, நீ எங்கள் ஹோட்டலுக்கு அனுப்பிவைத்த வால்மிர் நல்ல மனிதர். வியாழன் மாலைகளில் லாபியில் வாசிக்கிறார். டிரம்ஸ் என்று ஆள் எடுத்தால், மனிதர் பிரஷ்ஷால் தடவிக்கொண்டிருக்கிறார். "கொஞ்சம் ஓங்கி அடிங்க பாய்" என்றால், சிரித்துவிட்டு இன்னும் மெதுவாக வாசிக்கிறார். இந்த மாதத்தோடு அவருடைய கான்ட்ராக்ட் முடிகிறது. ஜெனரல் மேனேஜர் 'கலாஸ்', அவ்வளவுதான் என்கிறார்.

நான் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். பதினேழாம் தேதி எங்கள் ஹாலில் நம்மூர் கான்ட்ராக்டர் ஒருவர் மகளின் கல்யாண வரவேற்பு, இலைச் சாப்பாட்டோடு. "மாப்பிள்ளை அழைப்புக்கு ஊர்ல மாதிரி கொட்டு வேணுங்க" என்றார். "பிரேசில் கொட்டுக்காரனே நம்மகிட்ட இருக்கான்" என்றேன். மனிதருக்குப் பரம சந்தோஷம். தலையில் இறகுக் கிரீடம் வைத்து அவனை வாசலில் நிறுத்தப்போகிறேன். வாசலை விட்டு நகரக்கூடாது. சாப்பாடு கடைசிப் பந்திக்குப் பிறகு பின்பக்கம் போட்டுவிடலாம். நல்லபடியாக முடிந்தால் இன்னும் ஒரு வருடம் வேலை நிச்சயம்.

அவன்தான் தயங்குகிறான். நீ சொன்னால் கேட்பான். எடுத்துச் சொல். அப்படியே மைக்கில் படிக்க அவனைப் பற்றி நான்கு வரியும் எழுதி அனுப்பு.

உன்
சோலை


ருவைஸ்
9 ஜனவரி 2025

திரு. சோலையப்பன் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி விடுதியில் தொடங்கிய 'நீ'யை இந்தக் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். காரணம் கீழே வருகிறது.

முதலில் நீங்கள் கேட்ட அறிமுகம்:

"வால்மிர் தவாரெஸ், ரெசிஃபி என்னும் துறைமுக நகரத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே சாவோ பாவ்லோவின் ஜாஸ் குழுக்களில் இடம்பிடித்தவர். ஓங்கி அடிப்பவர்கள் நிறைந்த ஊரில், மெதுவாக வாசிப்பதற்காகவே தேடப்பட்டவர். பியானோ மூச்சு வாங்கும் இடம் அறிந்து தன் கையை நிறுத்துபவர். லிஸ்பனிலும் பாரிஸிலும் மேடை கண்டவர். தம் பெயரில் இசைத்தட்டுகள் வெளியிட்டவர். இறகு அணிந்து வாசிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்த ஒரே காரணத்துக்காக, ஐரோப்பா முழுதும் சுற்றும் வாய்ப்பை மறுத்தவர். அதன் பிறகு பெரிய மேடைகள் அவரை அழைக்கவில்லை. கப்பல்களில் வாசித்தார், வளைகுடா ஹோட்டல்களில் வாசித்தார். இறகு மட்டும் அணியவில்லை."

ஒரு சொல்லும் குறைக்காமல் படிக்கவும்.

இனி உங்கள் கடிதம். தொடக்கத்தில் அவர் 'மனிதர்', 'வாசிக்கிறார்'. கொட்டு என்ற சொல் வந்ததும் 'கொட்டுக்காரன்' ஆகிறார். அடுத்து 'அவன்' ஆகிறார். அதற்கடுத்த வரியில் கடைசிப் பந்திக்கும் பின்னால் போய்விடுகிறார். யோசித்து எழுதியிருந்தால் உங்களோடு வாதாடியிருப்பேன். யோசிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு எதிராக வாதம் ஏது?

என் தந்தையைப் பற்றி விடுதியில் உங்களிடம் மட்டும்தான் சொன்னேன். சிவகங்கைப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் பறை வாசித்தவர். இலைகளை எடுத்து முடித்த பிறகு, வாசலுக்கு வெளியே, அவர் கொண்டுபோன பாத்திரத்தில் சோறு போடுவார்கள். ஊர் அவரை 'அர்' போட்டு அழைத்து நான் கேட்டதில்லை. அதே இடத்தை, பிரேசிலில் பிறந்த ஒருவருக்கு, மஸ்கட்டில் உங்களால் ஒதுக்க முடிகிறது. விசா இல்லாமல் எல்லை கடப்பது அது ஒன்றுதான்.

நீங்கள் சொன்னபடி வால்மிரிடம் எடுத்துச் சொல்லிவிட்டேன்: அந்தச் சொல்லின் பொருளையும், அந்தப் பந்தியின் பொருளையும். முடிவு அவருடையது. கான்ட்ராக்டர் எங்கள் நிறுவனத்துக்கும் வேலை செய்பவர்; எனக்கும் அழைப்பு வந்திருக்கிறது. வருகிறேன்.

இப்படிக்கு,
ராக்கப்பன்


ரூவி
19 ஜனவரி 2025

ராக்கு,

'நீங்கள்' என்று எழுதிக் கொன்றுவிட்டாய். என்னால் அப்படி எழுத வரவில்லை.

நீ ஹாலுக்குள் இருந்தாய். வாசலில் நடந்தது உனக்குத் தெரியாது. வால்மிர் கறுப்புக் கோட்டுப் போட்டு, ஒற்றை டிரம்மைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். நான் கிரீடத்தோடு நின்றேன். "யல்லா வால்மிர், நேரமாச்சு" என்றேன். "உங்கள் ஊரில் இந்த வேலை செய்கிறவர் எங்கே சாப்பிடுவார்?" என்று கேட்டார். சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து, "கடைசியில், வெளியில்" என்றேன். "அப்படியானால் நான் முதலில், உள்ளே" என்று சொல்லிவிட்டு நேராக உள்ளே போய், முதல் பந்தியில் உன் பக்கத்து இலையில் உட்கார்ந்துவிட்டார்.

கான்ட்ராக்டர் என் சட்டையைப் பிடிக்காத குறை. "ஏங்க, கொட்டுக்காரன் சம்பந்தி வீட்டு வரிசையிலயா உட்காருவான்?" என்றார். பரிமாறுகிறவர்கள் அந்த இலையைத் தாண்டிப் போனார்கள். நீ எழுந்து, மைக் கூட இல்லாமல், எழுதி வைத்திருந்த அறிமுகத்தைப் படித்தாய். அவர் டிரம்மை மடியில் வைத்து பிரஷ்ஷால் வாசித்தார். இலையில் மழை விழுகிற மாதிரி இருந்தது. சாம்பார் வாளிகள் நின்ற இடத்திலேயே நின்றன. பொய் சொல்ல மாட்டேன், நானும் நின்று கேட்டேன். அப்புறம் அந்த இலைக்குச் சோறு வந்தது.

அவருடைய கான்ட்ராக்ட் முடிந்தது. என் வேலைக்கும் இப்போது கேள்வி வந்திருக்கிறது. ஒரு 'ன்' எழுதியதற்கு இத்தனையாடா? நாக்கில் ஊறிய சொல் அது. உன்னை நினைத்து எழுதவில்லை. என்றைக்காவது உன்னை வேறு இலையில் உட்கார வைத்திருக்கிறேனா?

சோலை


ருவைஸ்
20 பிப்ரவரி 2025

திரு. சோலையப்பன் அவர்களுக்கு,

என்னை நீங்கள் வேறு இலையில் உட்கார வைத்ததில்லை. உண்மை. நான் கையில் கொட்டு இல்லாமல் வந்தேன்.

என்னை நினைத்து எழுதவில்லை என்கிறீர்கள். என் குற்றச்சாட்டும் அதுதான்.

அன்று நடந்தவற்றுக்கு உங்களைப் பொறுப்பாக்கக் கூடாது, வால்மிரோடு பேசி என் பக்கத்து இலையை ஏற்பாடு செய்தவன் நான் என்று உங்கள் ஜெனரல் மேனேஜருக்கு எழுதிவிட்டேன். இதை நட்பின் கணக்கில் வைக்க வேண்டாம். நடந்தது அதுதான் என்பதால் எழுதினேன்.

வால்மிர் இப்போது அபுதாபியில் இருக்கிறார். ஏப்ரலில், ஒரு சிறிய அரங்கில், பியானோவும் பேஸும் துணையாக அவருடைய கச்சேரி. சுவரொட்டியில் 'கொட்டுக்காரன்' என்ற அந்தச் சொல்லைத் தமிழிலேயே போட வேண்டும் என்றார். நான் மறுத்தேன். "இறகு அவர்கள் கொடுத்தது, அதனால் வேண்டாம் என்றேன். கொட்டு என்னுடையது. அதை ஏன் நான் விட வேண்டும்?" என்று கேட்டார். விகுதி 'அர்' ஆக இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். எழுதிப் பழகிவிட்டார். கடைசி 'ர்' மேல் புள்ளியைத் தட்டித்தான் வைக்கிறார்.

அழைப்பிதழ் இணைத்துள்ளேன். கச்சேரிக்கு முன் இலைச் சாப்பாடு உண்டு. பரிமாறப்போவது வால்மிரும் நானும். உங்களுக்கு முதல் பந்தியில் இடம் போட்டிருக்கிறது. கடைசிப் பந்தி என்று ஒன்று வைக்கவில்லை.

இப்படிக்கு,
கொட்டுக்காரர் மகன்
ராக்கப்பன், எம்.எஸ்ஸி.