சிவப்புக் காய் இல்லாத கேரம் பலகைக்கு மறுமதிப்பீடு கோருதல்

அனுப்புநர்
வில்லங்கம் (பட்டப்பெயர்தான், சொத்தில் வேறு வில்லங்கம் ஏதும் இல்லை),
காலமானவரின் தம்பி மகன்,
பதினொன்றாம் வகுப்பு.

பெறுநர்
உயர்திரு மதிப்பீட்டு அலுவலர் அவர்கள்,
வீட்டுப் பொருள் பாகப்பிரிவினைப் பிரிவு.

பொருள்: எங்கள் பெரியப்பாவின் கேரம் பலகைக்கு "மதிப்பு இல்லை" என்று எழுதியதைச் சனிக்கிழமைக்குள் மாற்றித் தர வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் பெரியப்பா வீட்டு மிக்ஸிக்கு மூடி இல்லை என்ற துயரச் செய்தியை ஆழ்ந்த வருத்தத்துடன் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகிறேன். திங்களன்று தாங்கள் அளவு நாடாவும் ஸ்டிக்கர் சுருளுமாக வந்தபோது, மூடி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு இருந்தது. தாங்கள் அதைத் தூக்கிப் பார்த்தீர்கள், பழையபடி மூடினீர்கள், மிக்ஸிக்கு நல்ல விலையும் போட்டீர்கள். அந்தப் பெருந்தன்மையை நம்பியே இம்மனு.

1. பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. என் அப்பா, அத்தை, சித்தப்பா மூவரும் வாரிசுகள். தாங்கள் விலை போட்டவற்றைப் பிரித்துக்கொள்வது, "மதிப்பு இல்லை" என்று ஒட்டியவற்றைச் சனிக்கிழமை வரும் பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிடுவது என்று பேசி முடித்துவிட்டார்கள். சண்டை எதுவும் இல்லை. அத்தை மட்டும் போகும்போதும் வரும்போதும் பீரோவை முழம் போட்டுப் பார்க்கிறார்.

2. கேரம் பலகையில் தாங்கள் ஒட்டிய குறிப்பு: "காய் ஒன்று குறைவு. முழுமையற்றது. மதிப்பு இல்லை." முழுமையில்லாத செட்டுக்கு விலை கிடையாது என்பது அலுவலக விதி என்றீர்கள். விதிக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் மூடியில்லாத மிக்ஸி, நாலாவது காலுக்குச் செங்கல் வைத்த சோபா, காலமானவருக்கு முன்பே காலமாகிவிட்ட சுவர்க்கடிகாரம் ஆகியவை விலை பெற்றிருக்க, சிவப்புக் காய் ஒன்று இல்லாத குற்றத்துக்குப் பலகைக்கு மட்டும் ஏன் இந்தத் தண்டனை?

3. தாங்கள் மறந்துவிட்டுப் போன ஸ்டிக்கர்களில் ஒன்று, மேற்படி சோபாவில் தூங்கிக்கொண்டிருந்த சித்தப்பாவின் முதுகில், "பழையது. சத்தம் அதிகம். இயங்கும்" என்ற குறிப்புடன் காணப்பட்டது. காணப்பட்டது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அத்தை படித்துவிட்டு, "ஆபீசர் கரெக்டாத்தான் எழுதியிருக்காரு" என்றார். யார் பங்கில் சேர்ப்பது என்று கேட்டதற்குச் சித்தியே கொஞ்சம் யோசித்தார்.

4. பலகையை வாங்கித் தரும்படி அப்பாவிடம் கேட்டேன். "எல்லாரும் பீரோ, ஃபிரிட்ஜுன்னு பேசிட்டிருக்காங்க. நடுவுல போய் ஒண்ணுக்கும் உதவாததை எனக்குக் குடுன்னு எப்படிடா கேக்கறது? ஏதோ ஒரு விலை போட்டிருந்தா என் பங்குல எடுத்திருப்பேன்ல" என்றார். சொல்லும்போது அவர் பலகை இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

5. பலகையின் உண்மையான தகுதி தங்களுக்குத் தெரிய நியாயமில்லை. நடுவில் லேசாக உப்பியிருக்கும். வலது மூலைக்குப் போகிற காய், குழிக்குப் பக்கத்தில் போய் மனம் மாறி இடப்பக்கம் ஒதுங்கும். இந்த ரகசியம் தெரிந்தவர்கள் பெரியப்பாவும் நானும்தான். ஞாயிறுதோறும் அவரைத் தோற்கடித்து, தோற்றவர் டீ போட வேண்டும் என்ற நிபந்தனைப்படி டீயும் போடவைத்தவன் நான். தெருவில் யாரை வேண்டுமானாலும் விசாரிக்கலாம். எல்லோரிடமும் நானே சொல்லி வைத்திருக்கிறேன்.

6. கணக்கில் மதிப்பெண் குறைந்து நான் மறுமதிப்பீடு கேட்டபோது இன்னும் குறைந்தது. ஆனாலும் இம்முறை துணிந்து கேட்கிறேன். இதற்குமேல் குறைய வழியில்லை.

7. பொய்த் தகவல் உள்ள மனு தள்ளுபடி என்று தங்கள் அலுவலகச் சுவரில் எழுதியிருப்பதை இப்போதுதான் பார்த்தேன். ஆகவே இதையும் எழுதிவிடுகிறேன். சிவப்பு தொலையவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது பெரியப்பா அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இது என்கிட்டயே இருக்கட்டும். இங்க விட்டுட்டுப் போனா, நீ தனியா ஆடிட்டு என்னை ஜெயிச்சிட்டேன்னு தெரு பூரா சொல்லுவே" என்றார். பிறகு அவருடைய மூக்குக்கண்ணாடியும் சட்டையும் ஒரு பையில் திரும்பி வந்தன. சட்டைக்குள் சிவப்பு இருந்தது. யாரும் பார்ப்பதற்குள் எடுத்துக்கொண்டேன். தாங்கள் மூச்சு வாங்கக் குனிந்து சோபாவுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடினீர்களே, அப்போதும் என் பையில்தான் இருந்தது. கூடவே குனிந்து நானும் தேடினேன். கொடுத்திருந்தால் விலை போட்டிருப்பீர்கள். கொடுக்க மனம் வரவில்லை, ஐயா.

எனவே, காய்களை மீண்டும் எண்ணி, எவ்வளவு சொற்பமானாலும் ஒரு விலை போட்டு, அப்பா கூச்சப்படாமல் வாய்திறந்து கேட்க வழிசெய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

பத்தி 5-இல் ஒரு திருத்தம்: நான் அவரை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. டீ போட்டது நான்தான்.

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: தங்கள் அலுவலக வாசல் பெஞ்சு

தங்கள் மறுபார்வைக்குக் காத்திருக்கும்,
வில்லங்கம்

இணைப்பு: சிவப்புக் காய் ஒன்று. எண்ணி முடித்ததும் திருப்பித் தரவும். வெளியேதான் உட்கார்ந்திருக்கிறேன்.