கப்பல் குளத்துக்கு ஒரு காவல்

அக்கா,

நேற்று ஐந்தருவிச் சாலையில் புதிதாகத் திறந்திருக்கும் விடுதிக்கு ஒரு நிச்சயதார்த்தத்துக்காகப் போயிருந்தேன். பந்தி நடக்கும் கூடத்தை ஒட்டியே நீச்சல் குளம். குளோரின் வாடை மூக்கில் ஏறியதும் பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துவிட்டேன். பக்கத்து இலைக்காரி என்ன என்று கேட்டாள். உங்களைச் சொல்ல ஆரம்பித்தால் பந்தி முடிந்துவிடும். அதனால் பாயசத்தைக் குடித்துவிட்டு வந்து, இப்போது உங்களிடமே சொல்கிறேன்.

உங்கள் மகள் துபாயிலிருந்து கப்பல் பயணத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்து அனுப்பியபோது நீங்கள் போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. துணைக்குப் பக்கத்து வீட்டுக்காரியான என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். “ஏட்டி, தையல் கடையப் பூட்டு. தென்காசியத் தாண்டி நாம என்னத்தப் பாத்தோம்? கெளம்பு!”

சென்னையில் ஏறிய மறுநாள் காலை மேல்தளத்துக்குப் போனோம். சுற்றிலும் கடல். நடுவில் நீல நிறத்தில் ஒரு குளம், அதில் கொள்ளாத கூட்டம். நான் கடலைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். நீங்கள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குளத்தையே பார்த்தீர்கள்.

“இங்கன பாத்துக்கிட யாரு இருக்கா?”

சுவரில் இருந்த பலகையை வாசித்துச் சொன்னேன். உயிர்காப்பாளர் கிடையாது, அவரவர் பொறுப்பில் இறங்கவும்.

“நம்ம மெயின் அருவியில நிக்கதுக்கே சீசன் முச்சூடும் விசில ஊதிக்கிட்டுக் கெடந்தோம். இங்கன ஆள் முங்குத ஆழம். ஒருத்தரையும் காணலயே!”

“பெத்தவ பாத்துக்கிட மாட்டாளா யக்கா? கப்பக்காரன் என்ன செய்வான்?”

“பெத்தவ தும்ம மாட்டாளா?”

அந்தத் தளத்துக்குப் பொறுப்பாக இருந்த கொல்லத்துக்காரரிடமும் கேட்டீர்கள். அவர் என் கட்சி. “ஆளப் போட்டா அம்மாமார் அசட்டையா இருந்திடுவாங்கம்மா” என்றார், பணிவாகத்தான். நீங்கள் வாதாடவில்லை. ஒரு நாற்காலியைக் குளத்தங்கரைக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். ஆட்டம், பாட்டு, மேஜிக் என்று கப்பலே அமர்க்களப்பட்டுக்கொண்டிருக்க, எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

“ஊர்ல பாக்காத தண்ணியா? வாங்க யக்கா, உள்ள மேஜிக் காட்டுதானாம்.”

“நீ பாத்துட்டு வந்து சொல்லு.”

அடுத்த நாள் நண்பகல். கோயம்புத்தூர்க்காரப் பெண்ணொருத்தி இடுப்பில் கைக்குழந்தையும் பக்கத்தில் நாலு வயது மகளுமாகக் குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தாள். கைக்குழந்தை தோளில் பாலைக் கக்கியது. துண்டெடுக்கப் பைப்பக்கம் திரும்பினாள். அதற்குள் மகள் படியிலிருந்து நழுவிவிட்டாள். அலறல் இல்லை, கையடிப்பு இல்லை. அந்தத் தண்ணீரைத்தான் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன், அக்கா. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. திரும்பினால் உங்கள் நாற்காலி காலி. சேலையோடு குதித்திருந்தீர்கள்.

பிள்ளையைத் தூக்கிவந்து தரையில் ஒருக்களித்துப் போட்டு முதுகில் தட்டினீர்கள். ஒரு இருமல், கொஞ்சம் தண்ணீர், பிறகு கப்பல் முழுக்கக் கேட்கும்படி ஒரு அழுகை. அழுகையைக் கேட்டு அத்தனை பேர் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

தாய்க்காரி உங்கள் காலில் விழப் போனாள். தோளைப் பிடித்து நிறுத்தினீர்கள். “ஒம்மேல தப்பில்ல தாயி. நீ சின்னவனத்தான பாத்த? ஒனக்கு ரெண்டு கண்ணுதான இருக்கு.” அதற்குப் பிறகு நான் உங்களோடு அந்த விஷயத்தில் வாதாடவே இல்லை.

சாயங்காலம் கேப்டனே கேக்கோடு வந்தார். கொல்லத்துக்காரர் மொழிபெயர்த்தார். ஒரு துண்டைத் தின்று முடித்துவிட்டுச் சொன்னீர்கள்: “கேக்கு நல்லாருக்கு. ஆள் எப்பப் போடுவீய?”

கம்பெனி விதியை மாற்ற என்னால் ஆகாது, மேலிடத்துக்கு எழுதுகிறேன், இந்தப் பயணம் முடியும்வரை ஆள் நிறுத்துகிறேன் என்றார் கேப்டன். மறுநாள் விடிந்ததும், சிவப்புச் சட்டையும் மிதவையுமாக ஒரு பெண் குளத்தங்கரையில் நின்றாள். தாய்மார் யாரும் அசட்டையாகிவிடவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கழுத்து விறைப்பு மட்டும் தளர்ந்திருந்தது. கொல்லத்துக்காரரும் அதைப் பார்த்துவிட்டு உங்களுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

நீங்களோ நான் தைத்துக் கொடுத்த சுடிதாரில் வந்து நின்றீர்கள். “இன்னைக்கு எனக்கு ட்யூட்டி இல்லட்டி!” அத்தனை சீசனும் அருவிக்கு முதுகைக் காட்டியே நின்றவர், தொப்பென்று குதித்து, மல்லாந்து, வானத்தைப் பார்த்துத் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பினீர்கள். அறுபது வயதில் உங்களுக்கு அப்படி ஒரு முகம் இருந்தது எனக்குத் தெரியாது.

பிறகு என்னையும் இழுத்தீர்கள். அருவியிலேயே பிடிகம்பியை விடாதவள் நான். “சும்மா படுட்டி. நான் பிடிச்சிருக்கம்லா.” முதுகுக்கு அடியில் உங்கள் உள்ளங்கை இருந்தது. நான் மேகத்தைப் பார்த்தபடி உங்களிடம் என்னென்னவோ பேசிக்கொண்டே கிடந்தேன். பதில் வராததால் கண்ணைத் திருப்பினால், நீங்கள் குளத்தின் அந்தக் கோடிப் படியில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். “எப்பவோ விட்டுட்டம்ட்டி!”

கையை எந்த நேரத்தில் எடுத்தீர்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, அக்கா. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. இப்போதும் தண்ணீரில் மல்லாந்து படுத்தால் மிதக்கிறேன்.