பூஜ்ஜியத்தில் நின்ற முள்

மாப்ள,

ஆனையூர் வீட்டு மாடித் தொட்டியில் நிற்கும் தக்காளிக்கு இன்று காலை பக்கக் கிளை கிள்ளினேன். சோப்புப் போட்டுக் கழுவியும் விரலில் அந்தப் பச்சை வாசம் போகவில்லை. உன் தோட்டத்து வாசம். காபி டம்ளரைத் தூக்கும்போதெல்லாம் மூக்கில் ஏறியது, பாதியிலேயே வைத்துவிட்டேன்.

மண்ணின் ஈரத்தை அளந்து, தக்காளிக்கு எப்போது தண்ணீர் தேவைப்படும் என்று முன்கூட்டியே சொல்லும் சோதனைக்கு எங்கள் வேளாண்மை அலுவலகம் பேரையூர்ப் பக்கம் ஒரு தோட்டம் தேடியது. உன் பெயரைக் கொடுத்தவன் நான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு என்ற உரிமை. ஈரம் அளக்க ஒரு குழாய்: நுனியில் சுட்ட மண் குப்பி, உள்ளே தண்ணீர், தலையில் முள் ஓடும் வட்டம். அந்தக் குழாயைப் பாத்தியில் நட்டபோது, "என்ன மாப்ள, மண்ணுக்குக் காய்ச்சல் பாக்குறியா?" என்று சிரித்தாய். மண் காயக் காயக் குழாய்த் தண்ணீரை இழுக்கும், முள் ஏறும், பூஜ்ஜியத்தில் நின்றால் ஈரம் போதும் என்று சொல்லிக்கொடுத்தேன். வாரம் ஒருமுறை வந்து குழாயை நிரப்புவது என் வேலை.

அந்தச் சித்திரையில் மச்சினன் கல்யாண அலைச்சலில் இரண்டு வாரம் நான் வரவில்லை. நீதான் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அலுவலகத்துக்குப் பேசினாய்.

"முள்ளு சைபர்ல நிக்குது மாப்ள. ஆனா செடி தொவண்டு கெடக்கு. இன்னைக்குக் கெணத்துல என் முறை. பாச்சவா, வேணாமா?"

"சைபர்னா ஈரம் இருக்குடா. வெயிலுக்குச் செடி வாடத்தான் செய்யும். இப்பப் பாச்சினா சோதனையே கெட்டுப்போகும்."

"நீ சொன்னாச் சரி. தம்பிக்கு விட்டுக்குடுத்துர்றேன்."

எட்டுப் பங்காளிகளுக்கு ஒரு கிணறு. ஒரு முறையை விட்டால் அடுத்தது எட்டு நாள் கழித்து. நான்காம் நாள் நான் வந்து மூடியைத் திறந்தபோது குழாய் வறண்டு கிடந்தது. தண்ணீர் இல்லாத குழாயிலும் முள் பூஜ்ஜியத்தில்தான் நிற்கும். இது எனக்குத் தெரியும், உனக்குச் சொல்லவில்லை. பூவெல்லாம் செடியடியில் உதிர்ந்திருந்தது. முறை மாற்றிக் கேட்டு நீ ஒவ்வொரு பங்காளி வாசலாக ஏறி இறங்கியதை உன் தம்பி சொன்னான். அந்தக் கோடையில் யாருக்கு மனசு வரும்? நீயோ, "வெயிலு அம்புட்டு மாப்ள, நீ என்ன செய்வ" என்று எனக்கு இளநீர் வெட்டினாய். வெட்கமில்லாமல் குடித்தேன்.

சோதனை முடிந்து நான் எழுதிய அறிக்கை இங்கிலீஷில் இருந்தது. "என்ன எழுதியிருக்க?" என்று கேட்டாய். "வெயில்னால பூ கொட்டிருச்சுன்னு எழுதியிருக்கேன்" என்றேன். பேனாவை வாங்கிக்கொண்டாய்.

மறு வருடம் சொட்டுநீர்க் குழாய் கொடுக்கும் பட்டியலில் உன் பெயரை அடித்தார்கள். அந்த அறிக்கைதான் காரணம். அலுவலக வாசலில் நின்று, "ஏன் மாப்ள எனக்கு மட்டும் இல்ல?" என்றாய். "மேல முடிவு பண்ணது" என்றேன். தோட்டத்தை விட்டுவிட்டு அவனியாபுரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு வேலைக்குப் போனாய். போன தையில் மாரடைப்பில் போய்விட்டாய் என்று சேதி வந்தது. உன் மனைவி என் கையைப் பிடித்து அழுதபோதுகூட அந்த வறண்ட குழாயைப் பற்றி நான் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் விவசாயியிடம் கையெழுத்து வாங்குமுன் எழுதியதைத் தமிழில் வரி வரியாக வாசித்துக் காட்டுகிறேன். நேர்மையான ஆள் என்கிறார்கள். உனக்கு வாசிக்காததை இப்போது வாசிக்கிறேன், கேள்: "கருவி சரியாக வேலை செய்தது. விவசாயி உரிய நேரத்தில் தண்ணீர் பாய்ச்சவில்லை."

அதற்குக் கீழே, நான் விரலால் காட்டிய இடத்தில், உன் கையெழுத்து இருக்கிறது.