புகைபோக்கிக்கு நான் செய்த மூடி

அன்புக்கும் அதட்டலுக்கும் சொந்தக்காரியான என் அக்காவுக்கு,

உங்கள் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கக் கொடுக்கிறோம். அட்டையில் நீங்கள் நீலச் சேலையோடு சிரிக்கிறீர்கள். சூரிச்சில் உங்கள் மகள் தாரணி பட்டம் வாங்கிய அன்று எடுத்த படம். அவள்தான் என்னிடம் ஒரு பக்கம் கேட்டாள். "மாமா, அம்மாவைப் பற்றி நீங்கள்தான் எழுதவேணும். மற்றாக்கள் மாதிரிப் புளுகாமல் எழுதுங்கோ" என்றாள். மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். மூன்றிலும் புளுகுதான் இருந்தது.

வீட்டிலிருந்து தொடங்குகிறேன். அந்த வீட்டில் உங்களுக்கு எவ்வளவு பெருமை! வில் நகரில் அதை 'இங்கிலீஷ் வரிசை' என்றுதான் சொல்கிறார்கள். பழைய காலத்து மில் முதலாளி ஒருவர் இங்கிலாந்து போய், அங்கே வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பதைப் பார்த்து ஆசைப்பட்டுக் கட்டினாராம். வீடு ஏழு, முகம் ஒன்று. நடு வீட்டுக்கு மட்டும் மேலே முக்கோண முகப்பு வைத்ததால், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஒரே மாளிகை மாதிரித் தெரியும். முதல் மாடி யன்னல்கள் ஆள் உயரம். மேலே போகப் போகக் குறுகி, கூரையடியில் ஒரு முழம்கூட இராது. எந்த மாடியில் யார் இருந்தார்கள் என்பதை யன்னலே சொல்லிவிடும்.

நீங்கள் வாடகைக்கு எடுத்தது எல்லாவற்றுக்கும் கீழே, தெருமட்டத்துக்கும் கீழே இருந்த பழைய குசினியையும் அதற்கு மேல் இரண்டு அறைகளையும். வந்த அன்றே சொன்னீர்கள்: "வேலைக்காரர் இருந்த இடமாம், தம்பி. நாங்களும் வேலைக்காரர்தானே. அளவாய்த்தான் கட்டியிருக்கிறான்."

குசினிச் சுவரில் செங்கல் வளைவோடு பெரிய பழைய அடுப்பு ஒன்று இருந்தது. அதற்குள் முருகன் படத்தை வைத்தீர்கள். அடுப்புக்குள்ளே சாமியா என்று கேட்டேன். "நெருப்பு இருந்த இடத்தைவிடச் சுத்தமான இடம் உண்டோ?" என்று என் வாயை அடைத்தீர்கள். ஆனால் அந்த அடுப்பின் புகைபோக்கி கூரை வரைக்கும் திறந்தே கிடந்தது. மழை பெய்தால் கரித்தண்ணீர் சொட்டும். முருகனின் முகத்தைத் துடைத்துத் துடைத்து உங்களுக்கு அலுத்துப்போயிற்று. "நீ தகரத்திலைதானே வேலை செய்யிறாய். இதுக்கொரு மூடி செய்யத் தெரியாதோ?" என்றீர்கள்.

தெரியும் அக்கா. காற்றுக்குழாய் செய்கிற பட்டறையில் பத்தொன்பது வருடம் நிற்கிறேன். காற்று ஒரு பக்கத்தால் போகாவிட்டால் மறுபக்கத்தால் வரும் என்பது எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

ஓகஸ்ட்டில் ஒரு சனிக்கிழமை, மேல்வீட்டுப் பெடியனிடம் கேட்டு அவனுடைய கூரை யன்னலால் வெளியே இறங்கினேன். அந்த வரிசையின் முன்பக்கத்தில் கூரையை மறைத்து ஒரு கைப்பிடிச் சுவர் ஓடுகிறது. அதற்குப் பின்னால் மழைநீர் ஓடுகிற வாய்க்கால். அதில் நடந்தால் ஏழு வீட்டுக் கூரைக்கும் போகலாம், தெருவில் நிற்பவர் கண்ணில் பட மாட்டோம். உங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். இரண்டு வீட்டுப் புகைவழிகளும் அந்தச் சுவருக்குள் பக்கம் பக்கமாக ஏறி, கூரையில் எட்டு மண்குழாய்களாக வரிசையில் நின்றன. உங்களுடையது எது? நீங்கள் கீழே அடுப்புக்குள் பூசை மணியை அடிக்க, நான் மேலே ஒவ்வொரு குழாயாகக் காது வைத்தேன். மூன்றாவது குழாயில் மணி கேட்டது. அவ்வளவு சந்தோசம் எனக்கு. பட்டறையில் மிஞ்சிய தகரத்தை வட்டமாக வெட்டி, விளிம்பு மடித்துக் கொண்டுபோயிருந்தேன். தட்டி இறுக்கிவிட்டு வந்தேன். நீங்கள் வடை சுட்டுத் தந்தீர்கள்.

செப்டெம்பரில் புகைபோக்கி துப்புரவாக்குகிறவர் வந்தார். கறுப்பு உடுப்பு, உயரத் தொப்பி. இந்த நாட்டில் அவரைக் கண்டால் அதிர்ஷ்டம் என்று அவருடைய சட்டைப் பொத்தானைத் தொடுவார்கள். நான் அன்று உங்கள் வீட்டில் நின்றேன். குசினிக்குள்ளிருந்து நீங்கள் சொன்னீர்கள்: "கரிச் சப்பாத்தோடை சாமியடிக்கு விட்டிடாதை. ஏதும் சொல்லி அனுப்பு." அந்த அடுப்பைப் பாவிப்பதில்லை, பார்க்கத் தேவையில்லை என்று நான் ஜெர்மனில் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, "சரி, ஆனால் மேலே மட்டும் அடைத்துவிடாதீர்கள். சுவர் பழையது" என்றார். நான் ஓம் ஓம் என்றேன். மூடி அப்போது ஒரு மாதமாக மேலே இருந்தது. அவர் தெருவில் நின்று ஒருதரம் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். கூரைக்கு ஏறவில்லை.

கந்தசஷ்டி வந்தது. குளிரும் வந்தது. பக்கத்து வீட்டில் குளிர்காய எரிவாயு அடுப்பை மூட்டினார்கள். நடுச்சுவருக்குள் இரண்டு புகைவழிகளுக்கும் இடையில் இருந்த ஒற்றைச் செங்கல் தடுப்பு எப்போதோ உதிர்ந்திருந்ததாம். அவர்களுடைய நச்சுக்காற்று உங்கள் பக்கம் புகுந்து, மேலே வழியில்லாமல் கீழே முருகனிடம் வந்தது. அதற்கு மணமில்லை. இருந்திருந்தாலும் சாம்பிராணி மணத்தில் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

மூன்றாம் நாள் தொலைபேசியில் "தலை இடிக்குது, எழும்பினால் சுத்துது" என்றீர்கள். நான் என்ன சொன்னேன்? "விரதமெண்டால் அப்பிடித்தான் அக்கா. எலுமிச்சைத் தண்ணி குடியுங்கோ." ஐந்தாம் நாள் பின்னேரம் பால் கொண்டு வந்தேன். குளிருக்குக் கதவைச் சாத்திவிட்டு, அடுப்பின் முன்னால் சாய்ந்திருந்தீர்கள். கன்னம் சிவந்திருந்தது. கும்பிட்டபடி கண்ணயர்ந்துவிட்டீர்கள் என்று நினைத்து, எழுப்பாமல் பால் செம்பை வைத்துவிட்டு ஒரு நிமிடம் நின்றேன். அந்த ஒரு நிமிடத்தை நான் என்ன செய்வது, அக்கா?

நீங்கள் போன பிறகு, நச்சுக்காற்று வந்த வழியைத் தேடிய தீயணைப்புப் படையினர் மூடியைக் கழற்றிக் கொண்டுவந்து, இது யாருடையது என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். என் கையால் மடித்த விளிம்பு அது. ஆயிரம் தகரத்துக்குள்ளும் எனக்குத் தெரியும்.

இப்போது விசாரணை அந்தத் துப்புரவுக்காரர் பக்கம் திரும்பியிருக்கிறது. பாவிப்பதில்லை என்று வீட்டார் சொன்னதாக அவர் சொல்கிறார். யார் சொன்னது என்று அவருக்குச் சரியாக ஞாபகமில்லை. அவருக்கு எங்கள் முகங்கள் எல்லாம் ஒன்றுதான் போல. அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். தாரணி அவரைக் கொலைகாரன் என்கிறாள். "அந்தாள் ஒருக்கால் ஏறிப் பாத்திருந்தால் அம்மா இருந்திருப்பா, மாமா" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். இப்படி ஒரு மனிதன் இருக்கலாமா?

நேற்று அட்டைப் படத்தைக் காட்ட வந்தவள் திடீரென்று கேட்டாள்: "அம்மா கடைசியா என்னோடை கதைக்கேக்கை உங்களைப் பற்றித்தான் சொன்னவ. மாமா செய்த வேலையாலை முருகன்ரை முகத்திலை இப்ப ஒரு சொட்டுக் கரியும் இல்லையாம். என்ன வேலை மாமா அது?"

"பழைய படத்துக்குப் புதுக் கண்ணாடி போட்டனான்" என்றேன். அவள் நன்றி சொன்னாள், அக்கா. என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள்.

அதனால்தான் இது நாலாவது தாள். இதைக் கிழிக்க மாட்டேன். இன்று மத்தியானம் தாரணி வருகிறாள், முதலில் அவள் கையில் கொடுப்பேன். மலரில் போடுவதும், என் முகத்தில் எறிவதும் அவள் இஷ்டம். அவள் வாசித்து முடிக்கும்வரை நான் எழுந்து போக மாட்டேன். பிறகு பொலிசுக்குப் போய் அந்த மூடியைக் கேட்டு வாங்கி, மேசையில் வைத்து, இது என்னுடையது என்று சொல்வேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு. உங்களுக்குக் கொள்ளி வைத்த கைதான் அந்தத் தகரத்தையும் வெட்டியது என்று உங்கள் மகள் என்னிடமிருந்தே அறியட்டும்.

மணியை அடித்துவிட்டுக் கீழே பதிலுக்குக் காத்திருந்த உங்களுக்கு, மேலே காது வைத்துக் கேட்ட
உங்கள் ஒரே தம்பி