எண்ணெய் படக்கூடாத இதழ்கள்

ஒகாயா
1998 அக்டோபர் 12

தகாமாட்சுவில் தனியாகக் குடித்தனம் நடத்தும் என் கணவருக்கு,

ஏரிப் பக்கமிருந்து குளிர்காற்று வீசத் தொடங்கிவிட்டது. மியாசாக்கா அக்கா கடையில் புது மிசோ சோயா விழுதுப் பீப்பாயைத் திறந்துவிட்டார்கள். கடிதம் என்றால் இதற்கடுத்து உங்கள் உடம்பைப் பற்றி விசாரிக்க வேண்டும். அதைக் கடைசியில் விசாரிக்கிறேன். அந்த லென்ஸை என்ன செய்தீர்கள்?

"பழைய பொருள் சந்தையில் கிடைத்தது, லேசாகத் திறந்து பார்த்தேன்" என்று துண்டுச் சீட்டு வைத்து அனுப்பியிருக்கிறீர்கள். லேசாகவா? பின்வளையத்தில் இருக்கும் ஸ்க்ரூக்களில் இரண்டுக்குத் தலையில் கூட்டல் குறியே இல்லை. எலி கொறித்த மாதிரி ஒரு வட்டக் குழிதான் இருக்கிறது.

லென்ஸ் பழுதுபார்க்கிற ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டு இத்தனை வருஷமாயிற்று. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நம் நாட்டு லென்ஸ் ஸ்க்ரூவில் இருக்கும் கூட்டல் குறி வேறு, கடையில் விற்கும் வெளிநாட்டு ஸ்க்ரூ டிரைவரின் முனை வேறு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் அந்த முனை குழிக்குள் முழுதாக இறங்காது. திருப்பத் திருப்ப மேலே ஏறி வந்து உலோகத்தைச் சுரண்டும். போதாததற்குத் தொழிற்சாலையில் அந்த ஸ்க்ரூக்களை அரக்கு வைத்து இறுக்கியிருப்பார்கள். முதலில் ஒரு சொட்டு அசிட்டோன் விட்டுக் காத்திருக்க வேண்டும். பிறகு சால்டரிங் அயர்ன் முனையால் சூடு காட்ட வேண்டும். அதற்குப் பிறகும் ஏழு பங்கு அழுத்தம், மூன்று பங்குதான் திருப்பல். நீங்கள் பத்துப் பங்கும் திருப்பியிருக்கிறீர்கள்.

துளை போட்டுத்தான் எடுத்தேன். ஒரு காலைப்பொழுது முழுக்கப் போயிற்று. கல்யாணப் படம் எடுக்கும் ஹமா வந்து நின்றுகொண்டிருந்தார்.

"என்னம்மா, என் லென்ஸுல இன்னும் கையே வைக்கலையா?"

"எங்க வீட்டுக்காரரு ஊருலேர்ந்து ஒரு பிணத்த அனுப்பி வச்சிருக்காரு. அத அறுத்து முடிச்சிட்டு உங்களுத எடுக்குறேன்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் "ம்", "ஆமா" தவிர உங்களிடமிருந்து எதுவும் வருவதில்லை. அதனால் எழுதியே கேட்கிறேன். எதற்கு இந்த வேலை? பொழுது போகவில்லையா? லென்ஸைச் சரிசெய்து இந்தப் பார்சலிலேயே வைத்திருக்கிறேன். இனி திறக்காதீர்கள்.

உடம்பு எப்படி இருக்கிறது?

இகுயோ


தகாமாட்சு
நவம்பர் 3

இகுயோவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. தினமும் மத்தியானம் ஊதோன் நூடுல்ஸ்தான். இந்த ஊரில் வேறு எதையாவது சாப்பிட்டால் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். கடைக்காரர் நான் உள்ளே நுழையும்போதே கிண்ணத்தை எடுத்துவிடுகிறார்.

நீ திட்டி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். தப்புதான். ஆனால் இதைக் கேள். இன்னொரு லென்ஸ் வாங்கினேன், கோபப்படாதே. இதில் வெளிச்சத்தை விடும் துளை அகலத் திறந்தபடியே நின்றுவிட்டது. வளையத்தைத் திருகினால் உள்ளே இருக்கும் கறுப்பு இதழ்கள் அசையவே இல்லை. கதவுக் கீல் இறுகினால் என்ன செய்வோம்? தையல் மெஷின் எண்ணெயில் குச்சியைத் தொட்டு இதழ்களின் மேல் தடவினேன். விரலால் ஓரமாகக் கொஞ்சம் தள்ளியும் விட்டேன். இகுயோ, அது திறந்தது! பூனைக் கண் மாதிரி சுருங்கி விரிந்தது. அன்றைக்கு முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். மறுநாள் மறுபடி ஒட்டிக்கொண்டது. எண்ணெய் போதவில்லை என்று நினைக்கிறேன். இத்துடன் அனுப்புகிறேன், பார்.

இன்னொன்று. கம்பெனியில் விருப்ப ஓய்வுக்குப் பெயர் கொடுக்கச் சொல்கிறார்கள். மார்ச்சோடு இந்த ஊர் மாற்றலும் முடிகிறது. உன் வேலை மேஜை அகலமானதுதானே? இன்னொரு ஸ்டூல் போட்டால் என்ன? நீ இதழ்களைப் பார். நான் ஸ்க்ரூ கழற்றுகிறேன், பார்சல் கட்டுகிறேன், போனை எடுக்கிறேன். 'கசாஹாரா தம்பதி லென்ஸ் பணிமனை' என்று பலகை போடலாம். சும்மா தோன்றியது.

தெத்சுரோ


ஒகாயா
நவம்பர் 10

என் கணவருக்கு,

போதவில்லையா? எண்ணெய் போதவில்லையா?

அந்த இதழ்கள் உலர்ந்துதான் வேலை செய்யும். ஒரு துளி எண்ணெய்கூட இருக்கக் கூடாது. வருஷக்கணக்கில் லென்ஸின் உள்ளே இருக்கும் கிரீஸ் உருகிக் கசிந்து இதழ்களின் மேல் படிகிறது, அதனால்தான் அவை ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. நீங்கள் நோயையே கரண்டியில் ஊற்றி மருந்தென்று கொடுத்திருக்கிறீர்கள். மேலே துடைத்தாலும் பயனில்லை, மறுபடி கசியும். முழுக்கப் பிரித்து, ஒவ்வோர் இதழாக வெளியே எடுத்து, லைட்டர் பெட்ரோலில் கழுவிக் காயவைத்தேன். விரலால் தள்ளினேன் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இதழின் முளை வளைந்துவிட்டது. நகத்தைவிட மெல்லிய தகடு அது. அதை நிமிர்த்தும்போது ஒடிந்துவிடுமோ என்று எனக்குக் கழுத்தெல்லாம் வலித்தது.

அப்புறம் அடுக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வந்து, கடைசி இதழை முதல் இதழின் கீழே நுழைக்க வேண்டும். மூச்சு பலமாக விட்டாலே எல்லாம் கலைந்துவிடும். மூன்று தடவை கலைந்தது. மூன்றாவது தடவை மியாசாக்கா அக்கா "இகுயோ!" என்று கத்திக்கொண்டே கதவைத் திறந்ததால்.

ஸ்டூலைப் பற்றி அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

"போடாதடீ! எங்க வீட்டுது ரிட்டயர் ஆன நாள்லேர்ந்து ஈரச் சருகு மாதிரி கால்லயே ஒட்டிக்கிட்டுத் திரியுது. தொடப்பத்தால தள்ளுனாலும் போவல. வாசல்ல செருப்பப் போட்டா, 'எங்க போற? நானும் வரேன்'ங்குது. குளிக்கப் போனாக்கூட, 'எவ்ளோ நேரமாவும்?'னு கேக்குது!"

நான் சிரித்தேன். பிறகு உங்களை நினைத்துக் கோபம் வந்தது. ஏனென்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

ஆகஸ்டில் நீங்கள் முன்னோர் வழிபாட்டுக்கு வந்திருந்தபோது நான் ஒரு நாள் கல்லறைக்குப் பூ வாங்கப் போனேன். திரும்பி வந்தால் என் மேஜை பளபளவென்று இருந்தது. நான் ஒரு லென்ஸைப் பிரிக்கும்போது கழற்றிய ஸ்க்ரூக்களைத் தட்டில் கழற்றிய வரிசையிலேயே சுற்றி வைப்பேன். ஒன்று கொஞ்சம் நீளம், அடுத்தது கொஞ்சம் குட்டை. எது எந்தக் குழிக்கு என்பது அந்த வரிசைக்குத்தான் தெரியும். நீங்கள் அவற்றையெல்லாம் அளவு வாரியாகப் பிரித்துச் சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டு, டப்பாக்களுக்குச் சீட்டும் ஒட்டியிருந்தீர்கள். "எப்பிடி? நல்லாருக்கா?" என்று கேட்டீர்கள். "நல்லாருக்கு" என்றேன். நீங்கள் ரயிலேறிய பிறகு ஹமாவின் இரண்டு லென்ஸ்களோடு ஒரு வாரம் போராடினேன். நீளமான ஸ்க்ரூ ஒன்று தவறான குழியில் போய்க் கண்ணாடி ஓரத்தில் முட்டி, ஒரு சில் பெயர்ந்துவிட்டது. அதை உங்களிடம் சொல்லவில்லை.

அதனால்தான் வேண்டாம் என்கிறேன். அந்த மேஜை ஒருவர் உட்காரும் மேஜை. தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள்.

இகுயோ


தகாமாட்சு
நவம்பர் 29

இகுயோவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

ஸ்க்ரூ விஷயம் எனக்குத் தெரியாது. இருபத்தைந்து வருஷமாகக் கம்பெனிக் கிடங்கில் நான் செய்தது அதைத்தான். கலந்து கிடப்பதைப் பிரித்து, அளவு வாரியாக அடுக்கி, சீட்டு ஒட்டுவது. உனக்கு உதவி செய்துவிட்டேன் என்று ரயிலில் நிம்மதியாகத் தூங்கிப்போனேன். ஹமாவிடம் எனக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்.

நீ முதல் கடிதத்தில் எதற்கு இந்த வேலை என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன். ஏப்ரலில் என்னை ஜன்னலோரம் மாற்றிவிட்டார்கள். ஒரு மேஜை, ஒரு போன். போன் அடிக்காது. யாரும் எந்தத் தாளும் கொண்டுவர மாட்டார்கள். நானாகவே எழுந்து போய்விட வேண்டும் என்பதுதான் அவர்கள் ஆசை. எனக்குக் கீழே வேலை பார்த்த பையன் ஒருவன் இப்போது பிரிவுத் தலைவர். கடந்து போகும்போதெல்லாம், "கசாஹாரா சார், உங்களுக்குத்தான் ஆபீஸ்லயே நல்ல வெளிச்சம்!" என்கிறான்.

வெளிச்சம் நல்லதுதான். ஸ்க்ரூ தலை நன்றாகத் தெரியும். எல்லா லென்ஸையும் ஆபீஸ் மேஜையில்தான் திறந்தேன். யாராவது வரும் சத்தம் கேட்டால் இழுப்பறைக்குள் தள்ளிவிடுவேன். அசிட்டோன் வைத்தால் வாசனைக்கு எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், அதனால் வைக்காமலே திருப்பினேன். அன்றைக்கு ஒரு ஸ்க்ரூ கழன்றுவிட்டால், சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது ஏதோ வேலை முடித்துவிட்டு வருகிற மாதிரி இருக்கும்.

ஸ்டூல் பற்றி இனி எழுத மாட்டேன்.

தெத்சுரோ


ஒகாயா
டிசம்பர் 5

என் கணவருக்கு,

ஏப்ரலா! ஆகஸ்டில் பக்கத்தில் உட்கார்ந்து தர்ப்பூசணி சாப்பிட்டீர்கள். "ஆபீஸ் எப்படி?" என்று கேட்டேன். "வழக்கம்போலத்தான்" என்றீர்கள். வழக்கம் எதுவென்று எனக்கு எப்படித் தெரியும்?

மூன்று நாளாக எதுவும் ஓடவில்லை. ஒரு லென்ஸின் முன்வளையம் கழல மறுக்கிறது. சூடு காட்டினேன், அசிட்டோன் விட்டேன், ரப்பர் வைத்து அழுத்தித் திருப்பினேன், மறுநாள் மறுபடி திருப்பினேன். அசையவில்லை. என்னிடமும் இப்படிச் சில வருகின்றன. அந்தப் பையனின் முகத்தை நினைத்துக்கொண்டு திருப்பியதால்தானோ என்னவோ, ரப்பர் கிழிந்துவிட்டது.

இத்துடன் நம் ஸ்க்ரூவுக்குப் பொருந்தும் டிரைவர் ஒன்று வைத்திருக்கிறேன். என் பழையது, முனை தேயவில்லை. அசிட்டோனை நகப்பூச்சு பாட்டிலில் ஊற்றியிருக்கிறேன். ஆபீஸ் பெண்களுக்கு வாசனை வந்தால் தங்களுக்குள் யாரோ நகப்பூச்சை அழிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். துணியால் ஒற்றி வையுங்கள், ஊற்றாதீர்கள்.

மேஜை விஷயத்தில் நான் எழுதியதைத் திரும்பப் பெற முடியவில்லை. முடியும் என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

குளிருக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இகுயோ


தகாமாட்சு
1999 பிப்ரவரி 14

இகுயோவுக்கு,

புத்தாண்டுக்கு ஆபீஸில் காவல் முறை என்று சொன்னேனே, அது நிஜமில்லை. இங்கேயே இருந்தேன். அரிசிப் பலகாரத்தைச் சுட்டு ஒருவனாகச் சாப்பிட்டேன். ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது.

விருப்ப ஓய்வில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மார்ச் கடைசியோடு சரி. எதிர்த் தீவுக்குப் போகும் படகுத் துறையில் சீட்டுக் கொடுக்க ஆள் கேட்டார்கள். போய்ப் பேசினேன். மேலாளர் என்னைவிடச் சின்னப் பெண். "படகு லேட்டானா ஜனங்க திட்டுவாங்க, பரவால்லையா?" என்று கேட்டாள். "யாராச்சும் என்கிட்ட பேசினாப் போதும்மா" என்றேன். சிரித்துவிட்டு, ஏப்ரலில் வரச் சொன்னாள்.

அறையை விடவில்லை. ஆகஸ்டுக்கும் புத்தாண்டுக்கும் முன்போலவே வந்து போகிறேன். உன் மேஜை உன் மேஜையாகவே இருக்கட்டும். இதைக் கோபத்தில் எழுதவில்லை.

நீ அனுப்பிய டிரைவர் அருமை. ஒரு லென்ஸை முழுக்கக் கழற்றி, கழுவி, அடுக்கி மூடினேன். இதழ்கள் வேலை செய்கின்றன. ஒன்று மட்டும் கொஞ்சம் தயங்கித்தான் வருகிறது.

தெத்சுரோ


ஒகாயா
பிப்ரவரி 17

தெத்சுரோ,

ஏரி உறைந்துவிட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இரண்டு நாளாக அந்தப் பக்கம் போகவில்லை.

நீங்கள் எழுதியதைப் படித்ததும் முதலில் நிம்மதி வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அப்பாடா, மேஜை தப்பித்தது என்று தோன்றியது. தேநீர் போட்டேன். குடித்து முடிப்பதற்குள் அப்படியொரு கோபம் வந்தது. கோப்பையைக் கழுவிவிட்டு, கழுவியது மறந்துபோய் மறுபடி கழுவினேன்.

மேஜைக்குத்தான் வேண்டாம் என்றேன். வீட்டுக்கு வேண்டாம் என்று எந்த வரியில் எழுதினேன்? உங்களுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை கேட்கத் தோன்றவில்லையா? "இகுயோ, நான் அங்கே வரட்டுமா?" அவ்வளவுதான். ஸ்டூலைக் கேட்டீர்கள், பலகையைக் கேட்டீர்கள், பார்சல் கட்டுகிறேன் என்றீர்கள். வேலைக்கு மனுப் போடுகிற மாதிரி. இந்த வீட்டில் இருப்பதற்கு உங்களுக்கு ஒரு வேலை வேண்டுமா என்ன?

மியாசாக்கா அக்காவிடம் போய்க் கத்தினேன்.

"நீ அவர வான்னு சொன்னியாடீ?" என்றாள்.

"வேணாம்னு சொல்லலியே!"

"அது கேட்டதுக்குப் பதிலா?"

வீட்டுக்கு வந்து, உங்களுக்கு எழுதியதையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். ஜன்னலோரத்தைப் பற்றி நீங்கள் எழுதிய பிறகு, அசிட்டோனை எப்படி ஒற்ற வேண்டும் என்று எழுதினேனே தவிர, வாருங்கள் என்று எழுதவில்லை. எழுதினால் கூடவே ஸ்டூலும் வந்துவிடுமோ என்று பயந்தேன்.

படகுத் துறை வேலையை விடச் சொல்ல மாட்டேன். அந்தப் பெண் நல்லவளாகத் தெரிகிறாள். உங்களிடம் பேசுகிறாள். நீங்கள் அங்கேயே இருக்க வேண்டுமா, இங்கே வர வேண்டுமா, இரண்டுக்கும் நடுவில் ஏதாவது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் இதைப் பார்சலுக்குள் வைத்துப் பேசி முடிக்க நான் தயாரில்லை. கடையை அடைத்துவிட்டேன். ஹமாவுக்குப் போன் செய்தால், "யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?" என்று பதறிப்போனார். "இல்ல, சண்ட போடப் போறேன்" என்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம் தகாமாட்சு வந்துசேர்வேன். எந்த லென்ஸையும் கொண்டுவரவில்லை. கோபம் தீர்ந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ரயில் முழுக்க அதைச் சூடாக வைத்துக்கொண்டு வருவேன்.

நாலு வருஷமாகப் பணம் கட்டுகிற அந்த அறையில் இரண்டாவது படுக்கை இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. இல்லையென்றால் ஒன்று வாடகைக்கு எடுத்து வையுங்கள். எத்தனை நாளைக்கு என்று கடைக்காரர் கேட்டால், மனைவி வந்து சொல்வாள் என்று சொல்லுங்கள்.

இகுயோ